வசனத்தை ரெக்கார்ட் பண்ணாதீங்க, பேசுங்க

பெங்களூர்ல தமிழ் நாடகம் செத்துப்போச்சுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு, எலெக்ட்ரானிக் சிட்டி, இந்தப் பக்கம் ஹெப்பால் தாண்டி தனிசந்திரா வரைக்கும் எந்தப் பெரிய அபார்ட்மென்ட்டுக்கு வேணும்னாலும் பொங்கல் சமயத்துல போய்ப் பாருங்க, காலைல கோலப் போட்டி, மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, சாயங்காலம் சின்னப் பசங்க டான்ஸெல்லாம் முடிஞ்சதும் ஒரு நாடகம் கண்டிப்பா இருக்கும். அதுக்காக ராத்திரி சாப்பாடு முடிச்சு கிளப் ஹவுஸ்ல கூடி, வேட்டிக்கும் சவுரிக்கும் அலைஞ்சு, ஆபீஸ்ல லீவு சொல்லி எல்லாம் பண்றாங்க. ஆள் இருக்கு, ஆசை இருக்கு, பாக்குறதுக்குக் கூட்டமும் இருக்கு. ஆனா மேடைல நிக்கிறவங்க யாரும் பேசறதில்ல. வாயை மட்டும் அசைக்கிறாங்க, வசனம் ஸ்பீக்கர்லேந்து வருது. முன்னாடியே அவங்கவங்க வீட்ல போன்ல பேசி அனுப்பி, ஒருத்தர் அதையெல்லாம் சேத்து, நடுநடுவுல சினிமா மியூசிக் போட்டு, ஒரே ஃபைலா பென் டிரைவ்ல கொண்டு வந்து சவுண்டு சிஸ்டம்காரர்கிட்ட குடுத்துடறாங்க. அவர் பட்டனைத் தட்டினா நாடகம் ஆரம்பம், ஃபைல் முடிஞ்சா நாடகம் முடிஞ்சுது.

எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கு. நான் பல வருஷமா அல்சூர்ல ஒரு சின்ன அமெச்சூர் குழுவுல இருக்கேன். நடிக்கறது கம்மி, என் வேலை ப்ராம்ப்டிங், மேடை ஓரத்து மறைவுல, அதான் சைடு விங்ல, ஸ்கிரிப்டை வச்சுக்கிட்டு சின்ன டார்ச்சோட உக்காந்திருந்து, யாராவது வசனத்தை மறந்தா எடுத்துக் குடுக்கறது. பகல்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்கறேன். அதனால இதை நான் ஒரு பெரிய கலைஞரா சொல்லல, பேசறதைக் கேட்டுக் கேட்டே பழகின ஒருத்தியா சொல்றேன்.

ஏன் ரெக்கார்ட் பண்றாங்கன்னும் எனக்குத் தெரியும், காரணம் எல்லாம் ஞாயமானதுதான். அபார்ட்மென்ட்ல ரெண்டு கார்ட்லெஸ் மைக்தான் இருக்கும், அதுல ஒண்ணு தொகுத்து வழங்கறவங்க கைல. காலர் மைக் வாடகைக்கு எடுக்கலாம்னா ஆளுக்கு ஒண்ணு வேணும், அது பட்டுப்புடவைல உரசி கரகரன்னு சத்தம் போடும். மேடையோ திறந்தவெளி, முன்னாடி கொழந்தைங்க ஓடிட்டே இருக்கும், பக்கத்துலயே பானிபூரி ஸ்டால். எட்டு பேர் நடிக்கறாங்கன்னா எட்டு பேரும் ஒண்ணா கூடறதே கஷ்டம், ஒருத்தருக்கு அமெரிக்கா கால், இன்னொருத்தருக்கு பையனோட பரீட்சை. மனப்பாடம் பண்ண நேரம் இல்ல, மறந்துட்டா அசிங்கமாயிடும்னு பயம். ரெக்கார்ட் பண்ணிட்டா இந்தப் பிரச்சனை எதுவுமே கிடையாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா சொன்னாங்க, "நீ சொல்றதெல்லாம் சரிம்மா, ஆனா எங்க வீட்டுக்காரர் மேடை ஏறினதே ரெக்கார்டிங் இருக்குங்கற தைரியத்துலதான்." அதையும் நான் ஒத்துக்கறேன்.

ஆனா என்ன போயிடுதுன்னு பாருங்க. போன பொங்கலுக்கு ஒரு அபார்ட்மென்ட்ல மாமியார் மருமக காமெடி ஒண்ணு பாத்தேன். மாமியாரா நடிச்சவங்க அப்படி ஒரு முகபாவம், வெத்தலைப் பெட்டியைத் தொறந்து மூடறதுலயே கோவத்தைக் காட்டினாங்க. கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள ஃபைல் பாட்டுக்கு ஓடி அடுத்த மூணு வசனம் போயிடுச்சு. அந்த மூணாவது வசனத்துலதான் கதையோட முடிச்சே இருந்துச்சு, அது யார் காதுலயும் விழல. மாமியார் அம்மாவுக்குத் தெரியுது சனங்க சிரிக்கறாங்கன்னு, கொஞ்சம் நிறுத்தி, ஒரு பார்வை பாத்துட்டு அடுத்த வசனத்தை விட்டா இன்னும் ஒரு மடங்கு சிரிப்பு வரும்னும் அவங்க உடம்புக்குத் தெரியுது, ஆனா பட்டன் அவங்க கைல இல்ல. ஓடற ஃபைலுக்குப் பின்னாடி அவங்க வாயை அசைச்சுக்கிட்டே ஓட வேண்டியிருந்துச்சு. நல்லா நடிக்கத் தெரிஞ்ச ஒரு பொம்பளையோட கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

சிரிப்புக்குக் காத்திருக்கறதுங்கறது பெரிய வித்தை. சிரிப்பு உச்சத்துக்குப் போயி, இறங்க ஆரம்பிச்சு, முழுசா அடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அடுத்த வசனத்தை எடுக்கணும். சீக்கிரம் எடுத்தா கேக்காது, லேட்டா எடுத்தா மேடை தொய்ஞ்சுடும். இது எந்தக் கிளாஸ்லயும் வராது, சனங்க முன்னாடி நின்னு பேசினாத்தான் வரும்.

நேரடியாப் பேசினா தப்பு வரும்னு பயப்படறாங்க, வரத்தான் செய்யும். ஆனா வந்த தப்பை சமாளிக்கறதும் நேரடியாப் பேசறவங்களாலதான் முடியும். ஒரு தடவ கல்யாண மண்டபத்துல எங்க நாடகம், ரெண்டாவது காட்சில கரண்ட் போயிடுச்சு. ஜெனரேட்டர் எடுக்க நேரமாச்சு. மேடைல அண்ணன் தம்பியா ரெண்டு பேரு, பாகப் பிரிவினைச் சண்டை. நான் டார்ச்சை அடிக்கலாமா வேணாமான்னு யோசிக்கறதுக்குள்ள, அண்ணனா நடிச்ச பேங்க் ரிட்டயர்டு சார் குரலை ரெண்டு கட்டை ஏத்தினாரு, அவ்வளவுதான். "வெளக்கை ஏத்துடா, இருட்டுல பங்கு பிரிச்சா யாருக்கு எதுன்னு தெரியாது"ன்னு ஸ்கிரிப்டுல இல்லாத ஒரு வரியைப் போட்டாரு. கைதட்டல்னா அப்படி ஒரு கைதட்டல். தம்பியா நடிச்ச பையனும் அதைப் புடிச்சுக்கிட்டு நிஜமாவே மெழுகுவர்த்தி தேடற மாதிரி விங் பக்கம் வந்தான், மண்டபத்து வாட்ச்மேன் எமர்ஜென்சி லைட்டை அவன் கைலயே குடுத்துட்டாரு. காட்சி நிக்கவே இல்ல. இன்னிக்கும் அந்த நாடகத்தைப் பாத்தவங்க அந்த வரியைத்தான் சொல்றாங்க.

அப்புறம் தமிழ் பேசற வாய்க்குன்னே ஒரு விஷயம் இருக்கு, இதை எங்க டைரக்டர் அண்ணா சொல்லித்தான் நான் கவனிக்க ஆரம்பிச்சேன். நம்ம வாக்கியத்துல முக்கியமான சமாச்சாரம் எல்லாம் கடைசிலதான் வரும். வந்தானா வரலயா, செஞ்சாளா செய்வாளா, மரியாதையாச் சொன்னாரா அலட்சியமாச் சொன்னானா, எல்லாமே கடைசி வார்த்தையோட வாலுல உக்காந்திருக்கு. புதுசா மேடை ஏறறவங்க எல்லாரும் அங்கதான் குரலை இறக்குவாங்க. மூச்சு முடிஞ்சுடும், வாக்கியமும் முடியப் போகுதுன்னு ஒரு நிம்மதி வந்துடும், கடைசி வார்த்தையை அப்படியே முழுங்கிடுவாங்க. "அந்த வீட்டை நான் விக்க மா..."ன்னு போயிடும். முன் வரிசைக்கு விக்க மாட்டேன்னு புரியும், பத்தாவது வரிசைல இருக்கறவருக்கு விக்கறானா இல்லையான்னே தெரியாது, அதுக்கப்புறம் நடக்கற சண்டை எதுக்குன்னும் தெரியாது. மைக் இருந்தாலும் முழுங்கினது முழுங்கினதுதான்.

இதுக்கு அண்ணா பண்ற பயிற்சி ரொம்ப எளிமையானது. நாங்க ரிகர்சல் பண்ற ஸ்கூல்ல நீளமா ஒரு வராண்டா இருக்கு, அந்தக் கோடில தண்ணிக் குழாய். நடிக்கறவங்க இந்தக் கோடில நிக்கணும், அண்ணா குழாய் பக்கத்துல போய் முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாரு. வசனம் பேசணும், கத்தக் கூடாது. கடைசி வார்த்தை காதுல விழலைன்னா கையைத் தூக்குவாரு, மறுபடி மொதல்லேந்து. திரும்பியே பாக்க மாட்டாரு, மூஞ்சியைப் பாத்தா வாயசைவை வச்சுப் புரிஞ்சுடும்பாரு. சில நாள் ஒரே வாக்கியத்துலயே ஒரு மணி நேரம் ஓடிடும். ஆனா ஒரு மாசம் இதைப் பண்ணினவங்களுக்கு மூச்சை எங்க எடுக்கணும்னு தானா வந்துடும், வாக்கியத்தோட நடுவுல ஒரு சின்ன மூச்சு எடுத்து வச்சுக்கிட்டு கடைசிக்கு அதைச் செலவு பண்ணுவாங்க. எங்க குழுவுல ஒரு பொண்ணு, சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டிங் வேலை, வந்தப்ப பேசினா பக்கத்துல நிக்கற எனக்கே கேக்காது. இப்ப அவ மைக் இல்லாமப் பேசினா ஸ்கூல் கேட்டு வரைக்கும் போகுது. ஆபீஸ் மீட்டிங்லயும் யாரும் குறுக்கப் பேசறதில்லக்கான்னு சொல்லுவா.

ரிகர்சலுக்கு இடம் இருந்தாத்தான் இதெல்லாம் நடக்கும், பெங்களூர்ல பெரிய கஷ்டமே அதுதான். ஹால் வாடகையைப் பத்தி எல்லாரும் பேசறாங்க, ஹால் ஒரு நாளைக்குத்தான் வேணும். ரிகர்சலுக்கு ரெண்டு மூணு மாசம் இடம் வேணும், அதுவும் சத்தம் போடற இடம். அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ்ல மணிக்கு இவ்வளவுன்னு ஆப்ல புக் பண்ணணும், ராத்திரி பத்து மணிக்கு மேல வாய் தொறக்கக் கூடாது, சண்டைக் காட்சி ரிகர்சல் பண்ணினா எதிர் டவர்லேந்து இன்டர்காம்ல புகார் வரும். பேஸ்மென்ட் பார்க்கிங்ல எதிரொலி. மொட்டை மாடிக்குப் பூட்டு. ஞாயித்துக்கிழமை காலைல கப்பன் பார்க்ல மரத்தடில வட்டமா உக்காந்து படிக்கலாம், நின்னு நடந்து பண்ண முடியாது, வேடிக்கை பாக்கக் கூட்டம் கூடிடும். அதான் எல்லாரும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் அனுப்பிக்கிட்டு அதையே ரிகர்சல்ங்கறாங்க, அது அப்படியே ரெக்கார்டிங்ல போய் நிக்குது. ஒரு ரூம் கெடச்சா பாதிப் பேரு ரெக்கார்ட் பண்ண மாட்டாங்கன்னு நான் நெஜமாவே நம்பறேன்.

எங்களுக்குக் கெடச்ச இடம் ஒரு பழைய ஸ்கூல், ஏழு மணிக்கு மேல ஒரு கிளாஸ் ரூமும் வராண்டாவும். பெஞ்செல்லாம் சுவர் ஓரமா நகத்தி, தரைல சாக்பீஸால கோடு போட்டு இது வாசல், இது ரேழி, இது கிச்சன்னு வச்சுப்போம். போகும்போது கோட்டை ஈரத்துணியால அழிச்சுட்டு பெஞ்சை அதே வரிசைல போட்டுட்டுப் போகணும், அதான் ஒரே கண்டிஷன். இடம் குடுத்த பெரியவருக்கு நாடகத்துல எங்களைவிட ஆசை.

எங்கப்பா காலத்துல இந்தக் கஷ்டம் இல்ல. அப்பா ஜாலஹள்ளிப் பக்கம் ஒரு ஃபேக்டரில டர்னர். விமானம் செய்யற எச்ஏஎல் 1940ல, டெலிபோன் செய்யற ஐடிஐ 1948ல, மெஷின் செய்யற எச்எம்டி 1953ல, எலெக்ட்ரானிக்ஸ் செய்யற பிஈஎல் 1954லன்னு வரிசையா வந்த அந்த ஃபேக்டரிங்களுக்கு வேலூர், சேலம், ஆற்காடு, மெட்ராஸ்னு எல்லாப் பக்கத்துலேந்தும் ஆள் வந்தாங்க. காலனில ஒரு ஹால் இருந்துச்சு, ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவங்க அங்கயே டீ குடிச்சுட்டு ரிகர்சல். தமிழ் நாடகத்துல கன்னடக்காரர் தபலா வாசிப்பாரு, கன்னட நாடகத்துக்கு எங்கப்பா செட் அடிச்சுக் குடுப்பாரு. அப்பாவுக்கு குரல் சன்னம்தான், ஆனா மெஷின் சத்தத்துல பேசிப் பேசி ஒவ்வொரு எழுத்தையும் தெளிவா உச்சரிக்கற பழக்கம், அது மேடைல அவருக்கு அப்படிக் கைகுடுத்துச்சு.

வேலை ஒண்ணு, சாயங்காலம் நாடகம் ஒண்ணுன்னு இருக்கறது நம்ம பக்கத்துல ரொம்பப் பழைய வழக்கம். பம்மல் சம்பந்த முதலியார் 1891ல மெட்ராஸ்ல சுகுண விலாச சபைங்கற நாடகக் குழுவை ஆரம்பிச்சப்ப அவருக்கு பதினெட்டு வயசு. அந்த வருஷம் பல்லாரிலேந்து கிருஷ்ணமாச்சார்யுலுன்னு ஒரு வக்கீல், தன் குழுவைக் கூட்டிட்டு வந்து தெலுங்கு நாடகம் போட்டாரு, படிச்சு உத்தியோகம் பாக்கறவங்களே மேடை ஏறி நடிக்கறதைப் பாத்துதான் முதலியாருக்கு ஆசை வந்துச்சு. அப்புறம் அவரே வக்கீலாகி, ஜட்ஜாகி, 90க்கு மேல நாடகம் எழுதி, நடிச்சுக்கிட்டும் இருந்தாரு. தமிழ் அமெச்சூர் நாடகத்துக்குப் பொறி கெளம்பினது இப்ப கர்நாடகால இருக்கற ஒரு ஊர்லேந்துங்கறதை நெனைச்சா பெங்களூர்ல இருக்கற எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

இந்த ஊர்லயே 1909ல அமெச்சூர் டிராமாட்டிக் அசோசியேஷன் வந்துடுச்சு, ஜே.சி. ரோட்டுல ஏடிஏ ரங்கமந்திரான்னு அதோட பேர்ல இருக்கற அரங்கத்தைத் தாண்டித்தான் தினம் எத்தனையோ பேர் பஸ்ல போறாங்க. இங்கிலீஷ் பக்கம் பெங்களூர் லிட்டில் தியேட்டர் 1960லேந்து இருக்கு, எல்லாரும் சம்பளம் வாங்காத ஆளுங்க. இவங்க எல்லாரையும்விட எனக்குப் பெருமையாத் தோணறவரு டி.பி. கைலாசம். கன்னடத்தோட நவீன நாடகத்தை ஆரம்பிச்சு வச்சவர்னு கொண்டாடறாங்க, அவர் வீட்டுல தமிழ். லண்டன் போய் நிலவியல் படிச்சு வந்த மனுஷன், புராண ராஜா வேஷமே மேடைல நிறைஞ்சிருந்த காலத்துல 1918ல 'டொள்ளு கட்டி'ன்னு வீட்டுக்கூடத்துல நடக்கற நாடகத்தைக் கொண்டு வந்தாரு, பாத்திரங்க எல்லாம் இந்த ஊர் வீடுகள்ல எப்படிப் பேசுவாங்களோ அப்படியே இங்கிலீஷ் கலந்து பேசுவாங்க. அவரு உக்காந்து எழுதறது கம்மி, மனசுலயே முழு நாடகத்தையும் வச்சுக்கிட்டு நடிச்சுச் சொல்லுவாரு, கூட இருக்கறவங்க எழுதிப்பாங்க. வாயால பொறந்த நாடகம் அது. அப்படிப்பட்ட ஆள் வாழ்ந்த ஊர்ல நாம வசனத்தை பென் டிரைவ்ல கொண்டு வரோம்.

கன்னடக்காரங்ககிட்ட இன்னொண்ணும் கத்துக்கணும். ஹொசகோட்டை, தேவனஹள்ளி, நெலமங்களான்னு சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துலயும் 'குருக்ஷேத்திரா'ன்னு மகாபாரத நாடகம் போடுவாங்க, சிட்டிக்குள்ள ரவீந்திர கலாக்ஷேத்ராலயும் பகல்லயே ஆரம்பிச்சு மணிக்கணக்கா நடக்கும். அதுல நடிக்கறவங்க யாரும் நடிகருங்க இல்ல. விவசாயி, கான்ட்ராக்டர், பால்காரர், ரிட்டயர்டு போலீஸ்காரர். நடிக்கறதுக்கு அவங்கதான் காசு குடுக்கணும், துரியோதனனுக்கு ஒரு ரேட்டு, கிருஷ்ணனுக்கு ஒரு ரேட்டு, சின்ன வேஷத்துக்குக் கம்மி. திரௌபதி, குந்தி வேஷத்துக்கு மட்டும் தொழில்முறை நடிகைங்களைச் சம்பளம் குடுத்துக் கூட்டிட்டு வருவாங்க. ஆர்மோனிய வாத்தியார் ஒருத்தர் மாசக்கணக்கா பாட்டும், ராகத்தோட பாடற செய்யுளான பத்யமும் சொல்லித் தருவாரு. மேடைல ஒவ்வொருத்தரும் தன் தொண்டையால பாடுவாங்க, ஸ்ருதி முன்ன பின்ன போகும், ஊர் சனம் ஒன்ஸ் மோர்ம்பாங்க, நடுவுலயே மேடை ஏறி மாலை போடுவாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆட்டோக்கார அண்ணா, சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம், லிங்கராஜபுரத்துல இருக்காரு. கன்னடம் சரளமாப் பேசுவாரு, படிக்க வராது. ரெண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேத்த காசுல சகுனி வேஷம் வாங்கினாரு. வசனம், பத்யம் எல்லாத்தையும் ஒரு நீள நோட்டுல தமிழ் எழுத்துலயே எழுதி வச்சிருந்தாரு, கன்னடத்துல அழுத்திச் சொல்ற எழுத்துக்குக் கீழ சிவப்புப் பேனாவால ஒரு கோடு, இழுத்துப் பாடற இடத்துல மேல ஒரு வளைவு. சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கிட்டே இருப்பாராம். "சகுனிக்கு பத்யம் கம்மிக்கா, பேச்சு ஜாஸ்தி, அதான் எடுத்தேன்"னாரு. நான் போய்ப் பாத்தேன். பகடையை உருட்டிட்டு அவரு சிரிச்ச சிரிப்பு கடைசில நின்னுக்கிட்டிருந்த ஆளு வரைக்கும் போச்சு. அவரால முடியும்போது, டிகிரி படிச்சு டீம் லீடா இருக்கற நம்ம ஆளுங்களால இருவது நிமிஷ வசனத்தை மனப்பாடம் பண்ண முடியாதா?

மைக் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். சபா நாடகம் பாத்து வளந்தவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, மேடைல மைக் எங்க தொங்குதோ அதுக்குக் கீழ வந்து வரிசையா நின்னு பேசறது. கோவமாப் பேசினாலும் மைக்கைப் பாத்து, காதலாப் பேசினாலும் மைக்கைப் பாத்து. ஜே.பி. நகர்ல ரங்க சங்கரான்னு நாடக அரங்கம் இருக்கே, கன்னட நடிகர் சங்கர் நாக் நினைவா அவர் மனைவி அருந்ததி நாக் முன்ன நின்னு கட்டி 2004ல தொறந்தது, அங்க போய் ஒரு நாடகம் பாருங்க. ஏழரைன்னா ஏழரை, அதுக்கு மேல வந்தா யாரா இருந்தாலும் உள்ள விட மாட்டாங்க. மைக் இல்லாமலே முதுகைத் திருப்பிக்கிட்டு மெதுவாப் பேசறது கூட பின் வரிசைல கேக்குது. அது அரங்கத்தைக் கட்டின விதம், நடிக்கறவங்க பயிற்சி, பாக்கறவங்க போனை அணைச்சுட்டு அமைதியா உக்காந்திருக்கறது, மூணும் சேந்ததால வர்றது. அபார்ட்மென்ட் புல்வெளில அதை எதிர்பாக்க முடியாது. அதனால நான் சொல்றது, புல்வெளியை விட்டுடுங்க. நாடகத்தை உள்ள கொண்டு போங்க. கிளப் ஹவுஸ் ஹால்ல அறுவது நாற்காலி போடுங்க, ஒரே சமயத்துல முன்னூறு பேருக்குக் காட்டணும்னு என்ன கட்டாயம், அஞ்சு தடவ போடுங்க. ஜன்னலைச் சாத்துங்க. முக்கியமா ஃபேனை அணைங்க, ஃபேன் சத்தம் சின்னக் குரலை அப்படியே தின்னுடும், ஜனவரி மாசம் பெங்களூர்ல ஃபேன் இல்லாம அரை மணி நேரம் தாராளமா உக்காரலாம்.

மறந்துடுமோங்கற பயத்துக்கு ப்ராம்ப்டர் இருக்கோம். அபார்ட்மென்ட் நாடகத்துல இந்த ஆளையே எடுத்துட்டாங்க, அது எனக்குத் தாங்கல. ப்ராம்ப்டர் வசனத்தைப் படிக்கறவ மட்டும் கிடையாது. நடிக்கறவர் வேணும்னே நிறுத்தறாரா, மறந்துட்டு நிக்கறாரான்னு கண்டுபிடிக்கணும், வேணும்னு நிறுத்தின எடத்துல நான் எடுத்துக் குடுத்தா அந்தக் காட்சியையே கெடுத்துடுவேன். முகத்தைப் பாத்தா தெரியாது, மறந்தாலும் முகம் நடிச்சுக்கிட்டே இருக்கும். நான் காலைப் பாப்பேன். எங்க பேங்க் சாருக்கு மறந்துச்சுன்னா வலது கால் கட்டைவிரல் தரையைத் தேய்க்கும். டெஸ்டிங் பொண்ணு புடவைத் தலைப்பை ரெண்டு தடவ இழுத்து விடுவா, ஒரு தடவ இழுத்தா அது நடிப்பு. எடுத்துக் குடுக்கறதும் முழு வாக்கியம் குடுக்கக் கூடாது, மொத வார்த்தை போதும், அதுவும் உதட்டுல காத்து மாதிரி. 'ச', 'ஸ' எழுத்து கூட்டத்துக்குக் கேட்டுடும், அதனால அந்த எழுத்துல ஆரம்பிக்கற வசனத்துக்கு ரெண்டாவது வார்த்தையைக் குடுப்பேன், இதை ரிகர்சல்லயே பேசி வச்சுப்போம். நல்லா ரிகர்சல் ஆன நாடகத்துல நான் வாயே தொறக்க மாட்டேன், ஆனா நான் அங்க இருக்கேன்னு தெரிஞ்சாலே அவங்க தோள் கொஞ்சம் தளர்ந்துடும்.

எங்க ஸ்கிரிப்டைப் பத்தியும் சொல்லணும். எங்ககிட்ட ஒரே நாடகம் மூணு எழுத்துல இருக்கும். பெரியவங்களுக்குத் தமிழ்ல, இங்கயே படிச்சு வளந்தவங்களுக்குக் கன்னட எழுத்துல, கான்வென்ட் பசங்களுக்கு இங்கிலீஷ் எழுத்துல. பேசினா எல்லாருக்கும் அதே தமிழ். அது மெட்ராஸ் தமிழா இருக்கணும்னு நாங்க நெனைக்கறதில்ல. மயிலாப்பூர் வீட்டுக் கதையையும் தி.நகர் ஜோக்கையும் வாங்கிட்டு வந்து எவ்வளவு நாள் போடறது, ஒரு பையனுக்கு வாயில வராத வட்டாரத் தமிழைக் குடுத்தா அவன் கடைசி வார்த்தையை முழுங்கத்தான் செய்வான். அதே பையனை, "குரு, பாடகை கட்டலைன்னா ஓனர் வந்து பீகம் போட்டுடுவாரு"ன்னு சொல்ல விட்டுப் பாருங்க, அப்படி எடுப்பாப் பேசுவான் (எங்க ஊர்த் தமிழ்ல பாடகைன்னா வாடகை, பீகம்னா பூட்டு). அல்சூர் மார்க்கெட், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு, ஆஸ்டின் டவுன் சந்து எல்லாம் எங்க நாடகத்துல வர ஆரம்பிச்ச பிறகுதான் பக்கத்துத் தெரு ஆளுங்க நாங்களும் வரோம்னு வந்தாங்க.

தமிழ் அமைப்புகள்ல பொறுப்புல இருக்கறவங்க கிட்ட எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. ஆண்டு விழாவுக்கு ஹால் குடுக்கறீங்க, பரிசு குடுக்கறீங்க, பொன்னாடை போத்தறீங்க, சந்தோஷம். வார நாள்ல சாயங்காலம் பூட்டிக் கெடக்கற ஒரு ரூமைத் தாங்க. ஒரு டியூப்லைட்டும் தரையும் போதும். நாடகப் போட்டி வச்சீங்கன்னா ரெக்கார்டு வசனம் கூடாதுன்னு ஒரு விதி போடுங்க, இருவது நிமிஷம், நாலு பாத்திரத்துக்கு மேல வேணாம்னு சொல்லுங்க. மொத வருஷம் மூணு குழு வந்தாலே பெரிய விஷயம், வந்த மூணும் பேசும்.

எங்க குழு அடுத்து போடப் போறதும் அப்படி ஒரு சின்ன நாடகம்தான், அந்த ஸ்கூல் கிளாஸ் ரூம்லயே, மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. ரிட்டயர்டு ஃபேக்டரித் தொழிலாளி ஒருத்தர், பொண்ணு கனடா போறதுக்கு முந்தின நாள் ராத்திரி, வீட்ல ரெண்டு பேர் மட்டும். பொண்ணா நடிக்க டெஸ்டிங் பொண்ணு ரெடி. அப்பாவுக்குத்தான் ஆள் தேடிக்கிட்டிருக்கோம், பேங்க் சாருக்கு இந்தத் தடவ முழங்கால் ஆபரேஷன். அறுவது வயசுக்கு மேல இருந்தா நல்லது, முன்ன பின்ன நடிச்சிருக்கணும்னு இல்ல. செவ்வாயும் வெள்ளியும் ஏழரை மணிக்கு ரிகர்சல், மொத ரெண்டு வாரம் வராண்டாலதான் நிக்க வேண்டியிருக்கும், அண்ணா குழாய் பக்கத்துல முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாரு. டீ எங்க செலவு.